ஓடக் கூடாத கொட்டகை

புதுச்சத்திரத்தை ஒட்டிய முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் நான் மேற்பார்வையாளன். எங்கள் கொட்டகைக்குள் யாரும் ஓடக் கூடாது; உரக்கப் பேசவும் கூடாது. ஆள் பதறினால் கோழி மிரளும். கோடை நண்பகலில் மிரண்டு சிறகடிக்கும் கோழி, வெப்பம் தாங்காமல் அங்கேயே சாயும். புதிதாக வேலைக்கு வருவோரிடம் இதைச் சொல்வது என் பொறுப்பு.

சென்ற சித்திரையில் ஒரு நண்பகல் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கூரையடியில் நீரைப் புகைபோல் தூவிக்கொண்டிருந்த குழாய்கள் ஓய்ந்தன. சற்று நேரத்தில் கூண்டுகளெங்கும் கோழிகள் அலகைத் திறந்து இளைக்கத் தொடங்கின. பழுது பார்ப்பவர் நாமக்கல்லிலிருந்து வர வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்காவிட்டால் கொட்டகையே காலியாகிவிடும்.

“சாக்கை நனைச்சுத் தொங்கவிடுங்க, சீக்கிரம்” என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். முதல் வரிசை முழுவதும் படபடத்தது. இரண்டு கோழிகள் கழுத்தைத் தொங்கவிட்டன.

தீவனம் வைக்கும் அம்மையார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஏனுங்க சார், எங்களுக்கெல்லாம் சட்டம் சொல்லிப்போட்டு நீங்களே கத்துனா எப்படிங்க? கல்யாண ஊட்டுல பந்தி விசாரிக்கறாப்பல நடந்து வாங்க.”

அவருடைய கணவர் வாளியைத் தூக்கியபடி, “பந்தியில என்னன்னு கேக்கட்டும் புள்ள?” என்றார்.

“தண்ணி ஊத்தட்டுங்களான்னு கேளுங்க.”

வாய்க்குள் சிரித்தோம். என் மூச்சு சீரானது.

ஈரச் சாக்குகளைப் பக்கவாட்டு வலைகளில் தொங்கவிட்டோம். தொட்டியில் எஞ்சியிருந்த நீரைப் பூவாளியால் வரிசை வரிசையாகத் தெளித்தோம். உடல் ஓடத் துடித்தது. கால்கள் பந்தி நடையிலேயே சென்றன. அச்சம் அப்படியேதான் இருந்தது. வாளி தளும்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அதற்குக் கொடுத்துவிட்டோம்.

தொட்டி வற்றும் தறுவாயில் பழுது பார்ப்பவர் வந்தார். வாயிலிலேயே வண்டியை அணைத்துவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. அதை நீக்கியதும் ஜெனரேட்டர் உறுமியது, கிணற்று மோட்டார் ஓடியது, நீர்ப்புகை இறங்கியது. கோழிகள் ஒவ்வொன்றாக அலகை மூடின. கடைசி வரிசைவரை பார்த்து வந்தேன். அந்த இரண்டைத் தவிர ஒன்றும் சாயவில்லை.

ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. அதே நடையில் வெளியேறி, தீவனக் கிடங்கைக் கடந்து, கொட்டகைக்கு ஒலி எட்டாத நெடுஞ்சாலை ஓரம்வரை சென்றோம். அம்மையார் வாளியைக் கீழே வைத்தார்.

“இப்பக் கத்துங்க சார்.”

கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். சேலம் நோக்கிப் போன லாரிக்காரர் ஒருவர், என்ன ஏதென்று அறியாமலே, எங்களுக்காக நீளமாக ஆரன் அடித்துவிட்டுப் போனார்.