காற்றைச் சேர்க்காத கணக்கு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மைலை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும், அதற்கு மேல் உலகத்தில் ஒன்றுமில்லை என்று இருந்தவன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை சார், சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். பெங்களூர் ஏரோட்ரோமில் எனக்குக் குமாஸ்தா வேலை. எந்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று சுவரில் மாட்டிய மேப்பில் நூல் பிடித்து அளந்து சீட்டு எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் வழியில் எங்கே இறங்கிப் பெட்ரோல் போடுவது என்று கேப்டன் முடிவு செய்வார்.

கராச்சிக்குப் போகிற சரக்கு விமானத்தில் அருளப்பன் ரேடியோ ஆபரேட்டர். அல்சூர்க்காரன், என்மேல் உயிர். கிளம்புகிற அன்று வந்து நின்றான்.

"வியாழக்கெழம நாலு மணிக்குக் கொழந்தைக்கு ஞானஸ்நானம்ணா. திரும்பி வர்றப்ப பம்பாய்ல எறங்குனா வந்து சேர மாட்டேன். நேரா வர்ற மாதிரி போட்டுக் குடுங்கண்ணா."

ஆயிரத்துச் சொச்சம் மைல், ஏழு மணி நேரம். ஆனால் அது கார்த்திகை மாதம், எதிர்க்காற்று. காற்றைச் சேர்த்தால் எட்டு மணி நேரம் ஆகும், அந்தப் பாரத்தோடு பெட்ரோல் ஏழரைக்கு மேல் தாங்காது. எல்லாம் தெரிந்துதான் ஏழு என்று எழுதினேன். அவன் முகத்தைப் பார்த்து மறுக்க மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கராச்சியை விட்டார்கள். மூன்று மணிக்கு வர வேண்டும். மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று, ரேடியோவில் சத்தமே இல்லை. பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று அந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன்.

வாசலில் அவன் மனைவி ஸ்டெல்லா குழந்தையோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு மூணு மணிக்கே வந்துட்டாருண்ணா. 'அண்ணன் போட்ட கணக்கு ஒரு நிமிஷம்கூட தப்பல, அவர்கிட்ட சொல்லிடு'ன்னாரு. இப்பதான் இங்க நின்னாரு, எங்க போனாருன்னு தெரியல."

உள்ளே ஓடி ஃபாதரைக் கேட்டேன். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தகப்பன் கையெழுத்து இருந்தது, மை கூடக் காயவில்லை. தினமும் என் மேஜையில் பார்த்த கையெழுத்து, எனக்குத் தெரியாதா?

விமானம் கிடைக்கவே இல்லை. அதில் போன நாலு பேரும் கிடைக்கவில்லை. விசாரணைக்கு வந்த ஆபீசர் என் சீட்டின் ஆபீஸ் நகலைக் கையில் வைத்துக்கொண்டு துருவித் துருவிக் கேட்டார். ஸ்டெல்லாதான் குறுக்கே புகுந்தாள். "கணக்கு சரின்னு எம் புருஷனே வந்து சொன்னாரு சார்" என்று அழுதாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் அழுத அழுகையில் என்னையும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அருளப்பன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் சார். பெட்ரோல் முள் இறங்கும்போது அவனுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? புரிந்தும் அப்படிச் சொல்லி அனுப்பினான் என்றால், அது மன்னிப்பா, இல்லை வாயைத் திறக்காமல் சுமந்துகொண்டு கிட என்பதா?

வருஷா வருஷம் அந்த நாளில் ஸ்டெல்லா மகளோடு என் வீட்டுக்குக் கேக் கொண்டு வருகிறாள். நானும் வாங்கித் தின்கிறேன்.