அப்பா ஒளித்துவைத்த பொலிஸ்காரர்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மில்லிக்கனில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நடந்தது இது. இப்போதும் சொல்லத் தொடங்கினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஆங்கிலத்தை வகுப்பில் இருந்து படித்ததில்லை. பிள்ளைகளிடமும் பஸ் தரிப்பில் நிற்கும் தாய்மாரிடமும் பொறுக்கி எடுத்ததுதான். அவர்கள் வாயில் ஒரு பழமொழி வந்தால் விடமாட்டேன். அதற்கு எங்கள் ஊரில் என்ன சொல்வோம் என்று யோசித்துக்கொண்டே அடுத்த தரிப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அப்போது அப்பா எங்களோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர். மறதி நோய். காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது, ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுப் படலை எப்படிக் கிறீச்சிடும் என்று சொல்வார். அன்று நான் மீன் வாங்கப் பிளாசாவுக்குப் போயிருந்தேன். இரவு வேலை முடித்து வந்த என் கணவர் மேல்மாடியில் நித்திரை. அப்பாவும் கதிரையில் கண்ணயர்ந்துதான் இருந்தார். நான் திரும்பி வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது, கதிரை வெறுமையாக இருந்தது. சாரமும் ஒரு ஸ்வெட்டரும் குளியலறைச் செருப்பும்தான் அவர் மேல் இருந்திருக்க வேண்டும். ஜாக்கெட் கொழுவியில் தொங்கியது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய மின்கம்பங்கள் வரிசையாகப் போகும் நீண்ட வெளி. அதன் இரண்டு பக்கமும் வீடுகளின் பின்வேலிகள். பனியில் செருப்புத் தடம் அந்த வெளிவரைக்கும் போய், பனி அள்ளிய நடைபாதையில் காணாமல் போயிருந்தது. அந்தக் குளிரில் அப்படியொரு உடுப்போடு ஒரு கிழவர் எவ்வளவு நேரம் தாங்குவார்? பொலிசுக்கு அழைத்தேன். அவர்கள் குறையில்லாமல்தான் வந்தார்கள். சிவப்பும் நீலமுமாக லைட் சுழல மூன்று நான்கு கார்கள். இளம் பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். என்ன நிறச் சாரம், என்ன உயரம், என்ன மருந்து என்று கேட்டு எழுதினார்கள். ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் அப்பாவின் பெயர் அப்படி அதிர்ந்து நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஓடிவந்தார். அவர் யன்னலால் பார்த்தாராம். அப்பா நடைபாதையில் வீட்டுப் பக்கமாகத் திரும்பித்தான் வந்துகொண்டிருந்தாராம். பொலிஸ் கார் லைட்டைக் கண்டதும் நின்றாராம், பிறகு குனிந்துகொண்டு வேலிப் பக்கம் ஓடினாராம்.

"ஓடினாரோ? அவருக்கு ஓடத் தெரியுமே?" என்று என் கணவர் கேட்டார்.

கடைசியாக வந்தது ஒரு சார்ஜன்ட். கறுப்பினத்தவர், நல்ல உயரம், மீசை நரைத்தவர், ஓய்வுபெற நாள் பார்த்திருக்கிறவர். அவரைக் கண்டதுமே எனக்கு ஆள் யாரென்று பிடிபட்டது. என் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் தெருவில் கண்டால் 'கோச், கோச்' என்று கூப்பிடும் மனிதர் இவர்தான். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறவர், கோடையில் மைதானம், குளிரில் ஜிம். ஜமேக்காவில் பிறந்தவர். கிரிக்கெட் என்று பேர், ஆனால் வேலைக்கு மனுப்போடவும் சோதனைக்குப் படிக்கவும் பிழையான கூட்டத்தை விட்டு வரவும் அங்கேதான் சொல்லிக்கொடுப்பார் என்று தாய்மார் சொல்வார்கள்.

அவர் மற்றவர்கள் கேட்ட எதையும் திரும்பக் கேட்கவில்லை. என் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"உங்கள் அப்பா எதற்குப் பயப்படுவார்?"

 உதவிக்கு வந்த மனிதரிடம் 'உங்களுக்குத்தான்' என்று எப்படிச் சொல்வது? நான் அவருடைய சீருடையைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"சொல்லுங்கள்," என்றார். "நான் சின்னவனாக இருக்கும்போது பொலிஸ் கார் தெருவில் வந்தால் என் அம்மா என்னைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துவிடுவாள். நான் பொலிஸில் சேர்ந்த பிறகும், சீருடையோடு என்னைச் சமையலறைக்குள் விடமாட்டாள்."

அதற்குப் பிறகு கொட்டிவிட்டேன். சுற்றிவளைப்பு நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஆமி வந்தால் ஆம்பிளைகள் பின்வளவால் போய் ஒளிவார்கள். ஒருமுறை அப்பா ஒளிந்துவிட்டார், அண்ணன் முற்றத்தில் நின்றுவிட்டார். ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் பிறகு வரவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்பா இருளைக் கண்டு அரளவில்லை. வெளிச்சத்தையும் சீருடையையும் கண்டுதான் அரண்டார். எவ்வளவு கூப்பிடுகிறோமோ அவ்வளவு ஆழமாக ஒளிவார்.

அவர் ஒரு நிமிடம் அந்த வெளியைப் பார்த்தார். வெயில் கம்பங்களுக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. "இவர்களை எல்லாம் நான் இங்கிருந்து எடுத்துவிட்டால் அவர் வருவாரா? நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

என் கணவர் தமிழில் பாய்ந்தார். "உனக்கென்ன விசரே? இருட்டப் போகுது. வந்த பொலிஸைப் போகச் சொல்லப் போறியே?"

"அவங்கள் நிண்டா அப்பா விறைச்சுச் செத்தாலும் வெளியில வரமாட்டாரப்பா!" என்று நானும் கத்தினேன். பிறகு அந்த அதிகாரியைப் பார்த்து, ஓம், நிச்சயம் என்றேன். அது எவ்வளவு நிச்சயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய இளம் அதிகாரி ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. வெளிச்சம் போகிற நேரத்தில் தேடுகிற ஆட்களைக் குறைப்பதா என்று முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. பிழையாகிப் போனால் பழி முழுக்க இந்த மனிதர் தலையில்தான். அவர் கோபிக்கவில்லை. ஆட்களைக் குறைக்கவில்லை, மாற்றுகிறேன் என்றார். கார்கள் எல்லாம் லைட்டை அணைத்துக்கொண்டு பிளாசாவுக்குப் போக வேண்டும், அம்புலன்சும் அங்கேயே தயாராக நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தன் இடுப்புப் பட்டியையும் கனத்த பொலிஸ் அங்கியையும் கழற்றி அந்த இளம் அதிகாரியிடமே கொடுத்து அனுப்பினார். பிறகு போனை எடுத்தார்.

அன்று அவர் கடமையில் இருந்ததால் ஜிம்மில் பயிற்சியை அவருடைய பழைய பிள்ளைகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் என்று சொல்கிறேனே தவிர, தாடி வைத்தவர்கள், கலியாணம் முடித்தவர்கள். நான் ஜாக்கெட் பூட்டி முடிப்பதற்குள் வந்து இறங்கிவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள், ஜமேக்காப் பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகளும். முன்னால் வந்தவன் ஒரு பிளம்பர், இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. வாகனத்தால் குதிக்கும்போதே, "அன்ரி, டோன்ட் வொரி. கோச் எங்கள எங்கயெல்லாம் தேடிப் பிடிச்சவர் தெரியுமே? தாத்தாவைப் பிடிக்கிறது ஈசி," என்றான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் கொடுத்த பச்சை ஸ்வெட்டரைச் சீருடை தெரியாமல் அதிகாரி மேலே போட்டுக்கொண்டார். வயிற்றில் இறுகியது. "கோச், அண்டைக்கே சொன்னன், பற்றீஸ் தின்னுறதைக் குறையுங்கோ எண்டு," என்று அவன் தமிழில் சொல்ல, விளங்காமலே அவர் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பரவி நடந்தோம். 'தாத்தா, வாங்கோ' என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு வேலி வேலியாகப் பார்த்தோம். ஒரு அசைவும் இல்லை. வானம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுவே ஆயிரம் ஏச்சுக்குச் சமம்.

அப்போது, வந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி, கையில் கொண்டுவந்த கிரிக்கெட் மட்டையை ஊன்றி நின்றவள், யோசனையில் அதை நிலத்தில் தட்டினாள். பந்துக்குக் காத்திருப்பவர்கள் தட்டுவார்களே, அந்தப் பழக்கம். உறைந்த நிலத்தில் 'டொக், டொக்' என்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஆமி ஒழுங்கையை விட்டுப் போனதும் ஆம்பிளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அம்மா வெறும் உரலில் உலக்கை போடுவா. இடிக்க அரிசி இருக்காது. உரல் சத்தம் கேட்டால் வரலாம் என்று பின்வளவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நான் அந்த மட்டையைப் பறித்துக்கொண்டு, நடைபாதை ஓரத்தில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த மர வாங்கில் செங்குத்தாக இடிக்கத் தொடங்கினேன். என் கணவர் எனக்கு உண்மையாகவே விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். அதிகாரி ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தாளத்தைக் கேட்டார், இன்னொரு மட்டையை வாங்கினார், என் இரண்டு இடிக்கு நடுவில் தன் இடியைப் போட்டார். இரட்டை உலக்கை! எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று இடிக்கும் அதே தாளம். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? காதுள்ளவருக்கு வேறு வாத்தியார் வேண்டாம்.

இடித்தோம். கை மரத்தது. இன்னும் இடித்தோம்.

நாலு வீடு தள்ளி, ஒரு வேலியின் உடைந்த மூலையில், தோட்டச் சாமான் வைக்கும் கொட்டிலின் பின்னால் ஒரு தலை தெரிந்தது. அப்பா. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் ஓடினேன். அப்பா மெல்லிய குரலில் கேட்டார், "போயிட்டாங்களோ?"

"ஓமப்பா, போயிட்டாங்கள். வாங்கோ."

என் பின்னாலேயே அதிகாரி வந்தார், கையில் அப்பாவுக்கான ஜாக்கெட்டோடு. அப்பா அவரைப் பார்த்தார். திரும்ப ஓடிவிடுவாரோ என்று பயந்தேன். அப்பா ஓடவில்லை. விறைத்த கையை நீட்டி அந்தப் பெரிய மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"மோனை, உதில நிக்காதை. கண்டா ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். இஞ்சால வா."

அதிகாரி பிளம்பர் பிள்ளையைப் பார்த்தார்.  அவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி கையை விடுவிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பா இழுத்த இழுப்புக்குக் குனிந்து போய், கொட்டிலின் பின்னால் அப்பாவோடு குந்திக்கொண்டார். ஜாக்கெட்டை அப்பாவின் தோளில் போட்டு, சத்தமில்லாமல் பூட்டினார். அப்பா அவர் தலையை இன்னும் கொஞ்சம் கீழே அமத்தினார். "இப்படித்தான் என் அம்மாவும் என் தலையை அமத்துவாள்," என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு, வீட்டுக்குள் போனால் இன்னும் பத்திரம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் அவர் கையை விடவே இல்லை. அப்படியே இழுத்துக்கொண்டுதான் எங்கள் பின்கதவால் நுழைந்தார். அப்பாவைப் போர்த்திச் சூடாக்கி, அம்புலன்ஸ்காரரையும் சீருடை மேலங்கியைக் கழற்றச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால்விரல் இரண்டில்தான் குளிர் கடித்திருந்தது. சில நாளில் ஆறிவிட்டது.

நன்றி சொல்ல ஜிம்முக்குப் போனேன். இத்தனை வருடம் சம்பளமில்லாமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் எதற்கு என்று வாய்விட்டே கேட்டேன். தன் ஊர்ப் பழமொழி ஒன்று சொன்னார்: கிழங்கை ஒவ்வொன்றாகப் போட்டால்தான் கூடை நிறையும். எங்களிடம் சிறுதுளி பெருவெள்ளம் இருக்கிறது என்றேன். "வெள்ளம் வடிந்துவிடும், கிழங்கைச் சாப்பிடலாம்," என்று கண்ணடித்தார். பழமொழியில் என்னை மடக்கிய முதல் ஆள்.

அப்பா இப்போது இல்லை. அவர் இருந்தவரைக்கும் அந்த மனிதர் அடிக்கடி வருவார், ஒருநாளும் சீருடையில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு அவர் புது ஆள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும், பெற்ற மகனைக் கூப்பிடுவது போல 'மோனை' என்றுதான் கூப்பிட்டார்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், ஒரு பொலிஸ்காரர் அங்கியைக் கழற்றியதால் அப்பா பிழைத்தார் என்று சொல்லிவிடுவார்கள். அங்கியைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் கழற்றிய பிறகு அவர் கூப்பிட்டதும் ஓடிவர அத்தனை பிள்ளைகள் இருந்தார்களே, அதற்கு ஒரு மனிதர் தன் வாழ்நாளின் சனிக்கிழமைகளை எல்லாம் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.