பாடசாலை திறக்க வேண்டாம் என்று நான் கை தூக்கிய நாள்

கொரோனாவால் இரண்டாவது முறையும் பாடசாலைகளை மூடி, மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்த காலத்தில் நடந்தது இது. கேகாலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை எனக்கு. கணவர் டவுனில் ஒரு கடையில் வேலை செய்தார். பயணத்தடை இருந்ததால் மாதத்துக்கு ஒரு முறை வந்தாலே பெரிது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைக் கணவர் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொண்டால் பரவாயில்லை.

சிறிய பாடசாலைகளை முதலில் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் தோட்டப் பாடசாலையில் அறுபது பிள்ளைகள்கூட இல்லை. பெற்றோரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று அதிபர் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கூட்டம் வைத்தார். வகுப்பறைக்குள் ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்பதால், காலையில் எங்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம். எங்கள் லயத்திலிருந்து கால் மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும்.

திறக்கவே கூடாது என்று பேசத்தான் நான் புறப்பட்டேன். அதற்கு எனக்குக் காரணம் இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்னால் என் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு, அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும்போது எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூடிய பெட்டியைத்தான் காட்டினார்கள். அன்றிலிருந்து யாராவது தும்மினாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

அன்று காலையில் மகன் இருமிக்கொண்டே எழுந்தான். மூக்கும் அடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு லேசாகச் சுட்ட மாதிரி இருந்தது. யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “தம்பி இருமுற சத்தம் வெளிய கேக்கக் கூடாது. இருமல் வந்தா தலகாணில மூஞ்ச வச்சுக்கச் சொல்லு. பி.எச்.ஐ. மாத்தயாவுக்குத் தெரிஞ்சா மாமாவ மாதிரி வண்டில ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க” என்றேன். சுகாதாரப் பரிசோதகர் பெயரைக் கேட்டதும் பிள்ளையின் கண் விரிந்ததைப் பார்த்தேன். பயந்தால்தான் சொன்னபடி கேட்பாள் என்று நினைத்தேன்.

பின்னேரம் கூட்டத்துக்குக் கிளம்பும்போது பிள்ளைகளை உள்ளே விட்டு, சன்னலை அடைத்து, வெளியே கதவில் ஆமைப்பூட்டைப் போட்டேன். தினமும் பால் வெட்டப் போகும்போதும் அப்படித்தான். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவும் மூடிக் கிடந்தது, வேறு என்ன செய்ய? எங்கள் லயத்தில் நாலைந்து வீடுகளில் அதுதான் வழக்கமாகிவிட்டிருந்தது. வகுப்புப் பாடம் வட்ஸ்அப்பில் வருவதால் போன் மகளிடம். சாவி என் முந்தானை முடிச்சில்.

கொட்டகையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, ஆளுக்கொரு வட்டத்தில் நிற்க வைத்திருந்தார்கள். அதிபர் கடிதத்தை வாசித்து முடிக்க முன்பே மழை பிடித்துவிட்டது. தகரத்தில் விழும் மழைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. எல்லோரும் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்திக்கொண்டு இருந்தார்கள். திறக்கலாம் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா பேசினார். எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த வீடு. கணவர் இல்லை, ஒரே மகன், பாடசாலையில் நாலாம் ஆண்டு. அதிகம் பேசாதவர். “சேர், நேத்து எம் மகன அவன் பேர எழுதச் சொன்னேன். பாதி எழுதிட்டு முழிக்கிறான். எங்கிட்ட போனும் இல்ல. நோய்க்குப் பயந்து வச்சிருக்கிற புள்ள, இப்பிடியே போனா நாளைக்கு என்னத்துக்கு ஆகும்? தொறந்து விடுங்க சேர்” என்றார்.

நான் விட்டேனா? என் வட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். “புள்ள செத்தா பேர எழுதி என்னத்துக்கு? இவங்களுக்கு வீட்டுல புள்ளையக் கட்டிக்காத்துக்கிட்டு இருக்க ஏலாது. பள்ளிக்கூடத்துல தள்ளிவிட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போகணும், அதான் சேர் விசயம்! எம் புள்ளைங்க எங்கிட்டத்தான் பத்திரம்” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நாலைந்து பேர் என் பக்கம் தலையாட்டினார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கி லயத்துப் பாதையில் போய்விட்டார். போகட்டும் என்று நினைத்தேன், அவர்கள் பக்கம் ஒரு கை குறையும்.

நேரம் ஓடியது. அரை மணியில் திரும்பிவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகனின் சூடு ஏறியிருக்குமோ என்று மனது அடித்துக்கொண்டது. இப்போது போனால் என் பக்கம் தோற்றுவிடும் என்று காலைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அதிபர், வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நான்தான் முதல் ஆளாகத் தூக்கினேன்.

அதிபர் எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற மகளின் வகுப்பு டீச்சர் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது. “சேர், கொஞ்சம் எல்லாரையும் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க” என்றார். பிறகு நேராக என்னிடம் வந்தார். “இது உங்க மகதானே? மெதுவாப் பேசுறா, எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்று போனைச் சத்தமாக வைத்தார்.

என் மகளின் குரல்தான். ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. “டீச்சர், தம்பி மேல சுடுதண்ணி கொட்டிருச்சு. பெட்சீட்டும் எரியுது. அம்மா பூட்டிட்டு மீட்டிங் வந்திருக்காங்க. யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர், அம்மாவ மட்டும் அனுப்பிவிடுங்க.”

தூக்கிய கையைக் கீழே போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஓடினேன். பாதை முழுக்கச் சேறு. மேட்டில் இரண்டு தடவை விழுந்தேன், செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் டீச்சரும் இன்னும் சிலரும் ஓடி வந்தார்கள். முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். இந்தச் சாவி என் கையில் இருக்கும் வரை என் பிள்ளைகளால் வெளியே வர முடியாது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். இறப்பர் மரங்களுக்கு நடுவே லயத்துக் கூரை தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கிட்டே போனால் கதவு திறந்து கிடந்தது. பூட்டு அப்படியே பூட்டியபடி கொண்டியோடு பிய்ந்து தொங்கியது. கீழே ஒரு கோடாலி. வாசலில் கருகிய பெட்சீட் மழையில் நனைந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என் மகனை மடியில் போட்டுக்கொண்டு, அவன் தொடையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அவன் வீரிட்டு அழுதான். அழுகிறானே, உயிரோடு இருக்கிறானே என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகள் போனைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் முகத்தில் கவசம் இல்லை. மகன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருமினான். அதைப் பார்த்ததும், காலையிலிருந்து மறைத்து வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. “அக்கா, அவன விடுங்க! காலையில இருந்து அவனுக்கு இருமலும் காய்ச்சலும். உங்களுக்கும் ஒட்டிக்கப் போவுது” என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன்.

அவர் பிள்ளையை விடவில்லை. “இருந்தா இருந்துட்டுப் போவுது. நீ மொதல்ல வண்டியப் பாரு” என்றார்.

தோட்டத்து லொறியில் கேகாலை வைத்தியசாலைக்குப் போனோம். அக்காவும் வந்தார். மகனை உள்ளே கொண்டுபோய் மருந்து கட்டி, மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்த தாதி என்னிடம் சிங்களத்தில், “தொர வஹலாத கியே?” என்று கேட்டார். கதவைப் பூட்டிவிட்டா போனாய் என்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்ப முடியாமல் கேட்டார், அதுதான் குத்தியது. தலையைக் குனிந்துகொண்டு “ஓவ்”, ஆமாம் என்றேன்.

பரிசோதனை முடிவு வரும் வரை வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். மகள் அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தம்பிக்கு மூச்சு அடைத்ததாம். ஆவி பிடித்தால் கொரோனா போய்விடும் என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அடுப்பைப் பற்ற வைத்து, கொத்தமல்லி போட்டுக் கொதிக்க வைத்து, பானையைத் தரையில் இறக்கி, தம்பியை உட்கார்த்திப் பெட்சீட்டால் மூடியிருக்கிறாள். பெட்சீட்டின் நுனி அடுப்பில் கிடந்தது தெரியவில்லை. புகை வந்ததும் அவன் பயந்து துள்ள, பானை சரிந்திருக்கிறது.

“நீ ஏன்டி கத்தல? லயத்துல யாராச்சும் ஓடி வந்திருப்பாங்களே?” என்றேன்.

“சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். “தம்பி கத்துனான். நான்தான் அவன் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். தம்பியப் புடிச்சுக் குடுக்காத ஆளு யாருன்னு யோசிச்சேன். டீச்சர் ஞாபகம்தான் வந்துச்சு.”

அக்கா தன் வீட்டில் நுழையும்போது புகை வாசம்தான் வந்ததாம், ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். பூட்டிய வீட்டில் புகை என்றதும் கோடாலியைத் தூக்கியிருக்கிறார். நான் அவமானப்படுத்தியதால்தான் அவர் நேரத்தோடு லயத்துக்குத் திரும்பினார். அதை நினைத்து நிம்மதிப்படுவதா, நாணுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்த வாங்கிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“நீ சொன்னது எனக்கு வலிச்சுச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அது வேற, புள்ள வேற” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

மகனுக்கு வந்தது வெறும் சளித் தடிமன்தான், கொரோனா இல்லை என்று தாதி வந்து சொன்னார். தொடைக் காயம் ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. தழும்பு இருக்கிறது.

அன்று பாதியில் நின்ற கூட்டத்தை அடுத்த கிழமை அதிபர் மறுபடி வைத்தார். இந்தத் தடவை என் வட்டத்துக்குள்ளேயே நின்றேன். “எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு சேர். ஆனா பூட்டி வைக்கிறதுக்கு இது தேவல. தொறங்க. நாங்க தினமும் ரெண்டு பேரு வந்து கையக் கழுவ வச்சு உள்ள விடுறோம்” என்றேன். எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பயத்தையும் நான் பழிக்கவில்லை, அது என்னுடைய பயமும்தான். இரண்டு வாரம் கழித்துப் பாடசாலை திறந்தது. முதல் நாள் தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றவர்கள் நானும் பக்கத்து வீட்டு அக்காவும்.

எப்போது திறந்திருக்க வேண்டும், யார் சொன்னது சரி என்பதெல்லாம் படித்தவர்களுக்கே இன்னும் முடியாத வாதம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தம்பி வெந்து துடிக்கும்போதும் ‘காப்பாத்துங்க’ என்று கத்தத் துணியாதபடி ஒரு பிள்ளையை நான் பயமுறுத்தி வளர்த்திருந்தேன், அந்த நோயைவிட இதை நினைத்துத்தான் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிறது.