தகட்டில் அப்பாவின் மீசை

அப்பாவின் தங்கையான என் அத்தை சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தாள். விடுமுறைக்கு நெய்வேலி வந்தால் சுரங்கத்து ஆட்களைத் துத்தநாகத் தகட்டில் ஊசியால் வரைவாள். தகட்டை அமிலத்தில் ஊறவைத்து, மை பூசி, கல்லூரி எந்திரத்தில் கொடுத்தால் காகிதத்தில் படம் விழும். ஒன்பது வயதில் இதெல்லாம் தெரிந்த மாதிரி வகுப்பில் அளந்துகொண்டிருந்தேன், தெரிந்தது பாதிதான்.

அந்த முறை அகப்பட்டவர் அப்பா. சவரம் செய்து, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மீசைய வுட்டுடாதம்மா" என்றார்.

படத்திலோ அவர் சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, சிந்திய கரியை வாரிக்கொண்டிருந்தார். பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் வார வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் கான்ட்ராக்டர் கத்துவார். அத்தை உள்ளதை உள்ளபடி வரைந்துவிட்டாள்.

அம்மா தகட்டைப் பார்த்துவிட்டு நேராக அப்பாவிடம் வந்தாள். அடுத்த மாதம் பள்ளி மண்டபத்தில் அத்தையின் படங்களுக்குக் கண்காட்சி, விதி மீறுவதை ஊரே பார்க்கும், கான்ட்ராக்டரும் வருவார்.

"இத அவரு பாத்தாருன்னா சொரங்கத்துக்குள்ள போற பாஸைப் புடுங்கிக்கினு வூட்டுக்கு அனுப்பிடுவாருங்க. படமா சோறு போடும்?"

அப்பா சிரித்துக்கொண்டே ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அத்தை சென்னைக்குக் கிளம்பிய காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில், ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துத் தகட்டில் அப்பாவின் முகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறித் தள்ளினேன். முகத்தை அழித்துவிட்டதாக நினைப்பு. அதற்கப்புறம் போன் அடித்தாலே அத்தைதான் என்று பதறினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கீறக் கீறத் தகடு கூடுதலாக மை குடிக்கும் என்பது எனக்குத் தெரியாத பாதி. மண்டபத்தில் மாட்டியிருந்த படம் முழுக்க வெளிர் சாம்பல் நிறம். முகம் மட்டும் கன்னங்கரேல் என்றிருந்தது. வாசலிலிருந்தே கண் அங்கேதான் போனது. கான்ட்ராக்டரும் நேராக அங்கேதான் போனார்.

"யாருப்பா இது, நம்ம ஆளா?"

"தெரியலீங்களே" என்றார் அப்பா, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு.

கான்ட்ராக்டர் இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அப்பாடா என்றிருந்தது. அப்பாவின் வேலையைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அவரிடம் ஓடினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. படத்தின் அருகில் போய் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"மீச போட்டியேம்மா, எங்க காணோம்?" என்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள்.

"அச்சுல மை கூடிடுச்சுண்ணா."

பாஸ் பத்திரமாகச் சட்டைப் பையில் இருக்கும்போது, ஒரு மீசைக்காக இவ்வளவு பெரிய மனிதர் எதற்கு முகம் வாடுகிறார் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.