முதலில் வைத்த கோபுரம்

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தது, பேச்சுதான் வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஏதோ ஒரு முனகல் மட்டும் வந்து நிற்கும். முன்பெல்லாம் வாசலில் நின்று பேசினால் தெருக்கோடி வரை கேட்கும், அப்படி ஒரு தொண்டை அவளுக்கு. முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். எங்களைப் பயமுறுத்தியது அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வருகிறவர், மாமாவிடம், அதாவது அக்காவின் வீட்டுக்காரரிடம், ஒரு யோசனை சொன்னார். பாட்டு, சீரியல் எல்லாம் வேண்டாம், அக்கா முன்பு பேசிய வீடியோ இருந்தால் தினமும் போட்டுக் காட்டுங்கள், தன் குரலைத் தானே கேட்டால் மறுபடி முயற்சி பண்ணத் தோன்றலாம் என்று. பேச்சு திரும்ப வர இந்த ஆரம்ப மாதங்கள்தான் முக்கியம், வீணாக்கிவிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம்.

மாமாவுக்குப் போனில் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் தவிர ஒன்றும் தெரியாது. டிவியில் பென் டிரைவைச் செருகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் வீடியோத் துண்டுகளைச் சேகரித்து ஒன்றாகச் சேர்த்துத் தரும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் ஊரின் மறுகோடியில், கே.கே. நகரில் இருக்கிறேன், கணக்கு டீச்சர். குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டு, என் போனையும் துழாவி, பதினான்கு துண்டுகள் தேற்றினேன். அக்கா முறுக்கு பிழிகிறாள், முசிறி பஸ்ஸில் வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறாள், யாரையோ சாப்பிடச் சொல்லி மிரட்டுகிறாள். ஒன்றிலாவது வாய் மூடியிருக்க வேண்டுமே!

எங்கள் வீட்டில் எதையும் வெறுமனே ஆரம்பிக்க மாட்டோம். மளிகைச் சீட்டுக்கும் பிள்ளையார் சுழி உண்டு. கல்யாண வீடியோ என்றால் முதலில் ராஜகோபுரம் வந்தாக வேண்டும். என்னிடமே நான் எடுத்த கோபுரம் ஒன்று இருந்தது. அரை மணி நேரம் கால் கடுக்க நின்று, மேகங்கள் கோபுரத்தின் மேல் குடுகுடுவென்று ஓடுகிற மாதிரி டைம்லாப்ஸில் எடுத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை முதலில் வைத்து, பின்னால் அக்காவை வரிசையாகச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் டிவியில் போட்டோம். கோபுரம் வந்தது, மேகம் ஓடியது, மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து அக்கா வந்தாள். முறுக்கு அச்சை அழுத்திக்கொண்டே வாயைத் திறந்து திறந்து பேசினாள். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த துண்டிலும் இல்லை.

நாற்காலியில் இருந்த அக்கா திரையையே பார்த்தாள். வாய் அசைகிறது, குரல் வரவில்லை. அவளுக்கு நடந்ததையே அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், பாவி. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ரிமோட்டை என்ன பண்ணித் தொலைத்தீர்கள் என்று மாமாவிடம் பாய்ந்தேன். அவர் பாவம், தான் எதையும் தொடவில்லை என்றார். செய்தி சானலை வைத்தால் வீடே அதிர்கிறது. அப்படியானால் கோளாறு டிவியில் இல்லை. நான் கொண்டுபோன வீடியோவில்தான்.

"இன்னிக்கு வேணாம்மா," என்றார் மாமா. "அவ அழறா."

வீடு திரும்பும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். வந்ததும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் போட்டேன். அக்கா கணீரென்று பேசினாள். சேர்த்த வீடியோவில் மட்டும் ஊமை. சரி, கணக்கு டீச்சருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் என்று இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் மூன்றும் சேர்ந்தால் சத்தம் வந்தது. மூன்றும் நான்கும், வந்தது. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மட்டும் போச்சு.

ஒன்று, என் கோபுரம். தனியாகப் போட்டு ஒலியை முழுக்கக் கூட்டினேன். இரைச்சல்கூட இல்லை. டைம்லாப்ஸில் போன் ஒலியைப் பதிவே செய்வதில்லையாம். சேர்க்கிற மென்பொருளோ முதல் துண்டைப் பார்த்துத்தான் மொத்த வீடியோவுக்கும் அச்சு போடுகிறது. முதலாவதில் ஒலி இல்லை என்றால், பின்னால் வருகிற யாருக்கும் ஒலிக்கு இடமில்லை. உதவிப் பக்கத்தில் இதை எழுதியே வைத்திருந்தார்கள். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளை நான் என்ன பாடு படுத்துவேன்!

ரங்கநாதரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கோபுரத்தை எடுத்துவிட்டேன். முறுக்கிலேயே ஆரம்பித்தேன். இந்தத் தடவை முழுக்க ஓட்டிப் பார்த்து, பென் டிரைவில் ஏற்றி, அதையும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக ஸ்ரீரங்கம். டிவியைப் போட்டதுமே அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். நான் பட்டனை அழுத்தினேன்.

"வீடியோ எடுத்தது போதும், அடுப்பப் பாரு," என்று கூடம் முழுக்க அவள் குரல். அக்கா கண்ணைத் திறந்தாள். திரையில் இருந்தவள் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யாரிடமோ என்னைப் பற்றிப் புகார் சொன்னாள்: "இவகிட்ட ஒரு வேலையக் குடுத்தா, ரெண்டு வேலையா ஆக்கித் தருவா."

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள். உதடு கோணியது. தொண்டையில் என்னவோ ஏறி இறங்கியது.

"ஆ... மா," என்றாள்.

குழறல்தான். ஆனாலும் சொல். மாமா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாலு மாதத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

"இன்னும் திட்டுக்கா," என்றேன்.

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.