ஆணிக்குத் தப்பிய ரூபாய்

திருத்தணி மலையடிவாரத்தில் கற்பூரக் கடை வைத்திருக்கிறேன். கள்ளக் காசு வந்தால் கல்லாப் பலகையில் ஆணி அடித்து வைப்பது எங்கள் கடைத்தெரு வழக்கம். கிருத்திகையன்று பட்டணத்துக்காரர் ஒருவர் தந்த ரூபாய் அளவுக்கு மீறிப் பளபளத்தது. அவர் சில்லறை வாங்கிக்கொண்டு மலையேறிய பிறகுதான் கவனித்தேன். ஏமாந்த ஆத்திரத்தில் அதன்மேல் ஆணியை நிறுத்திச் சுத்தியலை ஓங்கினேன்.

என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க! அதுல என் மூக்குத்தி தெரியுது. கள்ளக் காசு பண்றவன் இவ்ளோ மெருகு போட்டுகினு இருப்பானா?"

அதற்குள் அந்த மனிதரே மூச்சிரைக்க இறங்கி வந்தார். காசு சேகரிப்பவராம், கை தவறிக் கொடுத்துவிட்டதை மாற்றிக்கொள்ள வந்தாராம்.

"இது செலவுக்கு அடிச்சது இல்லீங்க. அச்சையும் தகட்டையும் மெருகேத்தி, பார்வைக்குன்னே அடிச்ச புரூஃப் காசு" என்றவர், சாதாரணப் புது ரூபாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். அதில் எங்கும் ஒரே மினுமினுப்பு, குனிந்து பார்த்தால் என் முகம் தெரியவில்லை. மற்றதிலோ ராஜா தலை பனி படிந்தாற்போல் வெளுத்திருக்க, சுற்றிலும் கண்ணாடி. சற்றே சாய்த்தேன். அந்தக் கண்ணாடிக்குள் எங்கள் மலை, கோயிலோடு நின்றது! என்னையறியாமல் கை கூப்பினேன்.

இப்போதெல்லாம் சந்தேகமான காசு வந்தால் சுத்தியலைத் தேடுவதில்லை. முதலில் வாசலுக்கு எடுத்துப்போய் மலைக்குக் காட்டுகிறேன். இதுவரை வேறெந்தக் காசுக்குள்ளும் மலை இறங்கி வரவில்லை.