பொழுதோடு சாப்பிடுகிறவள்

த்ரிசலாவின் முதல் லெசன் பிளான் சுத்தமான ஈயடிச்சான் காப்பி. திருவண்ணாமலையில் பி.எட். படிக்கிறவளுக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பயிற்சி. ஆறாம் வகுப்பு, உணவுப் பாடம். ‘ஆர்வமூட்டல்’ என்ற இடத்தில் சீனியர் எழுதிய கேள்வியையே அவளும் எழுதினாள்: ‘நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?’ அவளோ நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் பருக்கை தொடாத சமணக் குடும்பம். தனக்கே பதில் இல்லாத கேள்வி என்று அப்போதாவது உறைத்திருக்கலாம்.

இட்லி, தோசை, பரோட்டா என்று வகுப்பு கத்தியது. புதிதாகச் சேர்ந்திருந்த நந்தினி மட்டும், “ஒண்ணும் சாப்பிடல டீச்சர்” என்றாள்.

த்ரிசலாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நீயும் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியா? நாங்க ஜெயினு. பொழுதோட சாப்பிட்டுடுவோம். முட்டையக்கூடத் தொடமாட்டோம்.”

நந்தினி மெல்லத் தலையாட்டினாள். எல்லாரையும் கைதட்டவும் சொன்னாள் இந்த டீச்சர் மகராசி.

வாரக் கடைசியில் சத்துணவு சமைக்கும் வெள்ளையம்மாள் அவளை மறித்தார். “இன்னா டீச்சர் சொல்லி வெச்சீங்க அந்தப் பொண்ணுகிட்ட? முட்டைய பக்கத்துத் தட்டுல தள்ளி வுடுது. நாங்க ஜெயினுன்னுது. அவங்கம்மா ஜுரத்துல படுத்துக்கினு, வீட்ல அடுப்பே எரியாம இருந்துச்சு. இப்ப நான்தான் ராத்திரிக்கு சோறு குடுக்குறேன். ஒடம்புல ஒட்டறது அந்த முட்டைதான். அதையும் கெடுத்துட்டீங்களே!”

பசிக்கா கைதட்டச் சொன்னோம் என்று த்ரிசலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பிளானைக் கிழித்துக் கிழித்து எழுதினாள். உண்மையைச் சொன்னால் நந்தினி பொய்க்காரி ஆவாள். சொல்லாவிட்டால் முட்டை போகும். யாரையும் பார்த்து எழுத முடியாத பிளான் அது. கேள்வியை ‘உங்களுக்கு எந்தக் காய் பிடிக்கும்?’ என்று மாற்றினாள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதையும் எழுதி, வகுப்பில் சொன்னாள்: “அன்னிக்கு நான்தான் விசாரிக்காம நந்தினிய எங்க வீட்டோட சேத்துட்டேன். தப்பு என்னோடது. யாரும் முட்டைய ஒதுக்க வேணாம்.”

மதியம் த்ரிசலா நந்தினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அவளையே பார்த்தது.

“இத சாப்ட்டா, நான் உங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இல்லனு ஆயிடுமா டீச்சர்?”

பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டறியாத த்ரிசலா, அதை வாங்கி, ஓடு உரித்து, அவள் தட்டில் வைத்தாள்.